தேவன் பெயரில் ஒரு பெட்டி

ரந்தாவ் தோட்டம்
4 ஆகஸ்டு 2024

ரதிக்கு உன் மாமியார் பஞ்சாலை எழுதுவது.

நான் இருக்கிறேன். அதற்கு மேல் கேட்காதே. உன் போன் வந்தால் நான் எடுப்பதில்லை, இனியும் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது. அதனால்தான் பேப்பரில் எழுதி சுகுமாறன் வேனில் கொடுத்துவிடுகிறேன். அவன் தினமும் இங்கிருந்து நீ வேலை செய்கிற செனவாங் பெக்டரிக்குத்தானே ஆள் ஏற்றிக்கொண்டு போகிறான். கேட்டில் காவலுக்கு இருக்கிற ஜாகாவிடம் கொடுப்பதாகச் சொன்னான். நான் மூணாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் உன் அக்காளிடம் காட்டிச் சிரிக்காதே.

விஷயம் இதுதான். வைஃபையை வெட்டச் சொல்லிவிட்டாயா?

உனக்குத்தான் தெரியுமே. இந்தப் பள்ளத்தில் வேறு எந்த லைனும் போனுக்கு எடுக்காது. கடைக்கோ கோயிலுக்கோ போய்விட்டு வந்து படி ஏறினால் போன் தானாகவே தேவன் பெயரைப் பிடித்துக்கொள்ளும். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. அந்த ஐந்து எழுத்து மட்டும் அடையாளம் தெரியும். பெட்டி மாட்டிய அன்றைக்கு அவனே காட்டிக்கொடுத்தான். "இங்க பாருங்கம்மா, இது நான். நீங்க வீட்டுக்கு வந்தா நான்தான் உங்கள மொதல்ல புடிப்பேன்" என்றான். பக்கத்தில் விசிறி மாதிரி கோடு நிறைய இருக்கும்.

லாரி மோதி அவனைக் கொண்டுபோன பிறகும் அந்தப் பெயர் வந்துகொண்டுதான் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் போக வேண்டிய வேலை இல்லாவிட்டாலும் சும்மா ரோடு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வருவேன், அது பிடிப்பதைப் பார்க்க. இப்போது கொஞ்ச நாளாகக் கோடு குறைகிறது. சமையல்கட்டில் சுத்தமாக இல்லை. வாசலில் ஒரே ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகிறது.

நீ கருமாதி முடிந்த கையோடு அவன் போனையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அம்பாங்கானுக்கு உன் அக்காள் மோகனா வீட்டுக்குப் போய்விட்டாய். இங்கே மிச்சம் இந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் அங்கே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறாயா? பதில் எழுது. போன் பண்ணாதே.

பஞ்சாலை


அம்பாங்கான்
9 ஆகஸ்டு 2024

அத்தைக்கு,

ஜாகா கடிதத்தை எல்லார் முன்னாலும் உயர்த்திக் காட்டி, "யாருலா இந்தக் காலத்துல லெட்டர் போடுறது?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். நான் தமிழில் கடைசியாக எழுதியது ஆறாம் வகுப்பில். எனக்கும் பிழை வரும்.

நான் எதையும் வெட்டச் சொல்லவில்லை. மாதா மாதம் பில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லைன் வேறு, வைஃபை வேறு அத்தை. ரோட்டுக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வருகிற கம்பி லைன். அந்தப் பெட்டி அதை வாங்கி, கம்பி இல்லாமல் வீடு முழுக்கப் பரப்புகிறதே, அதுதான் வைஃபை. நான் லைனை வெட்டியிருந்தால்கூட அவர் பெயர் போயிருக்காது. பெயர் வரும், கோடும் நிறைய இருக்கும், ஆனால் வாட்ஸ்அப் ஓடாது. கோடு குறைகிறது என்றால் பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் ஏதோ குறுக்கே வந்திருக்கிறது. பெட்டியை யாராவது இடம் மாற்றினார்களா? முன்கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டியிருந்ததே, அங்கேயே இருக்கிறதா?

அம்பாங்கானிலிருந்து அதை இழுக்க யாராலும் முடியாது. அது பக்கத்து வீட்டைத் தாண்டினாலே பெரிய காரியம்.

அவர் போனை நான் எடுத்து வந்தது உண்மை. அதில் கிஷாலினி பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. நான் ஏன் போனேன் என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. கருமாதியன்று வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது என்னை ராசியில்லாதவள் என்றீர்கள். பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்காகூடத் தலையைக் குனிந்துகொண்டார். அதைக் கேட்ட பிறகு அந்த வாசலில் நான் எப்படி நிற்பேன்?

ரதி


ரந்தாவ் தோட்டம்
16 ஆகஸ்டு 2024

ரதிக்கு,

பெட்டி பத்திரமாக இருக்கிறது. எங்கே என்று நீ கேட்க வேண்டியதில்லை.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை. பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் வாயிலிருந்து வருவதையெல்லாம் நீ எடுத்து முடிந்து வைத்திருக்கிறாய். சரி, அது இருக்கட்டும்.

நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. கம்பி இல்லாமல் வருகிறது என்றால் எதில் ஏறி வருகிறது? சுவரைத் தாண்டி வருமென்றால் என்னையும் தாண்டித்தானே போக வேண்டும்? நான் நடுக்கூடத்தில் நின்று பார்த்தேன். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. தாயம்மாவிடம் கேட்டேன். அவள் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியா, சக்களத்தியா என்று தெரியவில்லை. "அது காத்து மாதிரி, ஒனக்கு எங்க தெரியப்போவுது, நீயே காத்து மாதிரிதான் கெடக்கிற" என்கிறாள்.

இன்னொன்று. போனில் இரண்டு தேவன் வருகிறது. ஒன்று வெறும் ஐந்து எழுத்து. இன்னொன்றின் வாலில் 5 போட்டிருக்கிறது. இதில் எது அவன் வைத்தது? இரண்டாவதை வேறு யாராவது வைத்தார்களா? கோடு குறைந்த நாளிலிருந்து அந்த ஐந்து போட்டவன் வருவதே இல்லை.

தாயம்மா வீட்டில் யாராவது நம்முடையதைப் பிடித்து உறிஞ்சுகிறார்களோ என்றும் எனக்குச் சந்தேகம். அவள் மகள் எப்போது பார்த்தாலும் நம் வேலி ஓரம்தான் நிற்கிறாள். அப்படியும் இருக்காது. பாஸ்வேர்டை அவன் யாருக்கும் சொன்னதில்லை. தாயம்மா எத்தனை தடவை கேட்டிருப்பாள். "எங்கம்மா தெனம் தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்றாங்களேக்கா, காது குடுத்துக் கேட்டுக்குங்க" என்று சொல்லிச் சிரிப்பான். நான் எதைச் சொன்னேன்? எனக்கே அது தெரியாது. என் போனில் அவன்தான் அடித்துக் கொடுத்தான்.

எனக்குள்ள பயம் வேறு. அவன் வாய்ஸ் போட்டதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது? கோடு போய்விட்டால் அவன் குரலும் போய்விடுமா? நீ அவன் போனை வைத்திருக்கிறாய், கேட்டுக்கொள்வாய். எனக்கு?

கிஷாவுக்குச் சளி விட்டுவிட்டதா என்று எழுது.

பஞ்சாலை


அம்பாங்கான்
22 ஆகஸ்டு 2024

அத்தைக்கு,

கிஷாவுக்குச் சளி இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

இரண்டு தேவனும் ஒரே பெட்டியிலிருந்துதான் வருகிறது. ஐந்து போட்டது வேகமாக ஓடும், ஆனால் கிட்டத்தில்தான். சுவர் வந்தால் களைத்துவிடும். வெறும் தேவன் மெதுவாகப் போகும், தூரம் போகும். கிட்ட இருக்கிறவர்களுக்கு ஒன்று, தள்ளி இருக்கிறவர்களுக்கு ஒன்று, அவ்வளவுதான். யாரும் புதிதாக வைக்கவில்லை.

அது வெளிச்சம் மாதிரி அத்தை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பலகையையும் செங்கலையும் தாண்டிவிடும். ஆளைத் தாண்டும்போது கொஞ்சம் மங்கும். உடம்பில் தண்ணீர் இருப்பதால் அப்படி. தாயம்மா அக்கா மகள் உறிஞ்சினாலும் கோடு குறையாது, வேகம்தான் குறையும். அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள்.

குரல் பெட்டிக்குள் இல்லை. பெட்டியில் எதுவும் தங்காது, அது வெறும் வழி. அவர் அனுப்பியதை நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால் அது உங்கள் போனிலேயே இறங்கியிருக்கும். நம்பவில்லையென்றால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அழுத்திப் பாருங்கள், பேசும்.

இப்போது சொல்ல வேண்டிய ஒன்று. அந்த லைன் அவர் பெயரில் இருக்கிறது. அப்படியே விட முடியாது. இறப்புப் பத்திரத்தைக் காட்டி மாற்ற வேண்டும். மாற்றினால் புதுப் பெட்டி கொடுப்பார்கள், பழையதைத் திருப்பிக் கேட்பார்கள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். லைன் கம்பெனி கவுண்டரில் போய் அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல வேண்டும், அது ஒரு காரணம். நீங்கள் என்ன சொல்வீர்களோ என்பது இன்னொரு காரணம்.

மறுபடியும் கேட்கிறேன். பெட்டி எங்கே இருக்கிறது?

ரதி


ரந்தாவ் தோட்டம்
1 செப்டம்பர் 2024

ரதிக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரம் சாமி மேடையில் வைத்திருந்தேன். பிளக்கைப் பிடுங்கப் பயமாக இருந்தது. பிடுங்கி, அவன் பேசாமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன்.

நேற்று பிடுங்கினேன். பெயர் போய்விட்டது. தாயம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அழுத்தினேன். "ம்மா, மழ புடிச்சிக்கிச்சி. நின்னுட்டு வர்றேன். சோத்த மூடி வைங்க" என்றான். பக்கத்தில் மழைச் சத்தமும் இருக்கிறது. பெட்டி செத்துக் கிடக்கிறது, அவன் பேசுகிறான். தாயம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதனால் நீ சொன்னது ஒன்று சரி. மற்றது சரியா என்று எனக்குத் தெரியாது.

பெட்டி எங்கே என்று கேட்டாய். அலமாரிக்குள் இருக்கிறது. அவன் சட்டையெல்லாம் இருக்கிற இரும்பு அலமாரி. லைன் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் ஒருநாள் லயத்து வீடுகள் பக்கம் வந்து, தேவன் வீடு எது என்று கேட்டானாம். நான் வீட்டில் இல்லை. தாயம்மாதான் சொன்னாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று அன்றைக்கே கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். கம்பி கதவிடுக்கில் நிற்பதால் பூட்ட முடியவில்லை. அவன் கைலியால் பிடிகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பெட்டிக்குத் திருநீறு பூசிப் பொட்டு வைத்திருக்கிறேன். அது தப்பா?

அதைத் தொட்டால் சூடாக இருக்கும் ரதி. காய்ச்சல் விட்டு இறங்குகிற உடம்பு மாதிரி. காலையில் எழுந்ததும் கைலியை அவிழ்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். அவன் சட்டை வாசமும் இருக்கும். இதை நான் யாரிடம் சொல்ல முடியும்.

நான் அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். நீ கவுண்டருக்குப் போ, என்ன வேண்டுமானாலும் சொல். யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

பஞ்சாலை


அம்பாங்கான்
5 செப்டம்பர் 2024

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை பெக்டரி கழிவறையில் நின்று படித்தேன். வெளியே வர நேரமாகி சூப்பர்வைசர் கதவைத் தட்டினாள்.

அத்தை, இரும்புதான் காரணம். பலகை, செங்கல் எல்லாவற்றையும் தாண்டுகிற அது இரும்பைத் தாண்டாது. முட்டித் திரும்பிவிடும். அலமாரிக்குள் வைத்தால் அது உள்ளேயேதான் சுற்றிக்கொண்டு இருக்கும். கதவிடுக்கில் கசிவதுதான் உங்களுக்கு ஒரு கோடாக வருகிறது. யாரும் அவரை இழுக்கவில்லை. நீங்கள்தான் உள்ளே வைத்துக் கட்டிவிட்டீர்கள்.

அந்தச் சூடும் நல்லதில்லை. காற்று இல்லாமல் புழுங்குகிறது. துணிக்கு நடுவில் இருந்தால் கெட்டுப்போகும். திருநீறு தப்பில்லை, ஓட்டைகளில் மட்டும் பூசாதீர்கள்.

வெளியே எடுத்துப் பழைய இடத்திலேயே மாட்டுங்கள். தாயம்மா அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். சமையல்கட்டு வரைக்கும் கோடு வந்துவிடும். கவுண்டருக்கு நான் இப்போதைக்குப் போகவில்லை.

சட்டைகளைத் துவைத்துவிடாதீர்கள். ஒன்று எனக்கு வேண்டும். நீலக் கட்டம் போட்டது. கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

ரதி


ரந்தாவ் தோட்டம்
13 அக்டோபர் 2024

ரதி,

பெட்டி செத்துவிட்டது.

நீ சொல்லித்தான் வெளியே எடுத்தேன். எடுத்து மாட்டியதும் கோடெல்லாம் வந்தது, அடுப்படியிலும் வந்தது, ஐந்து போட்டவனும் வந்தான். உனக்கு எழுதலாம் என்று இருந்தேன். எழுதவில்லை. எழுதினால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும்.

நேற்று நான் ரந்தாவ் பாசாரில் இருக்கும்போது இடி. தேவன் இருந்தால் வானம் இருட்டியதுமே பிளக்கைப் பிடுங்கிவிடுவான். எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பஸ் கிடைத்து நான் வீடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படி ஏறினேன், போன் பிடிக்கவில்லை. பெட்டியில் ஒரு வெளிச்சம் இல்லை. கருகிய நாற்றம் வருகிறது. தொட்டேன், சில்லென்று இருக்கிறது.

அலமாரிக்குள் இருந்தால் இடிக்குத் தெரிந்திருக்காது. உன் பேச்சைக் கேட்டு வெளியே வைத்தேன். இரண்டாம் தடவை எனக்கு இப்படி ஆகிறது. நான் இனி ரோட்டுக்குப் போய்த் திரும்பி வந்து என்ன ஆகப்போகிறது.

பஞ்சாலை


அம்பாங்கான்
16 அக்டோபர் 2024

அத்தைக்கு,

இடி கரண்டுக் கம்பி வழியாக வரும் அத்தை. அலமாரியில் இருந்தாலும் பிளக் சுவரில்தான் இருந்திருக்கும். அது உங்கள் தப்பும் இல்லை, என் தப்பும் இல்லை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் நான் எழுத வேண்டும்.

அவர் பெயர் அந்தப் பெட்டியோடு பிறந்ததில்லை. கம்பெனி கொடுக்கும்போது அதற்கு வேறு ஏதோ நம்பர் பெயர் இருந்தது. அவர்தான் மாற்றி வைத்தார். எந்தப் பெட்டிக்கும் அந்தப் பெயரை வைக்கலாம். பெயரும் பாஸ்வேர்டும் எழுத்துக்கு எழுத்து பழையதாகவே இருந்தால் உங்கள் போன் பெட்டி மாறியதையே கவனிக்காது. தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கவுண்டருக்குப் போகத்தான் வேண்டும். லைனை உங்கள் பெயருக்கு மாற்றலாம். அதற்கு உங்கள் அடையாள கார்டு ஐசி வேண்டும், நீங்களும் நேரில் வர வேண்டும். சிரம்பானில்தான் ஆபீஸ். வருகிற சனிக்கிழமை சுகுமாறன் அண்ணன் வேன் காலையில் வரும். மோகனா வீட்டு வாசலிலேயே இறக்கிவிடச் சொல்கிறேன். பழைய பெட்டியையும் கொண்டு வாருங்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எழுத வரவில்லை.

ரதி


ரந்தாவ் தோட்டம்
18 அக்டோபர் 2024

ரதிக்கு,

பேரை வைத்தால் ஆள் வந்துவிடுமா? தாயம்மா ஒரு பூனைக்குச் செத்துப்போன தன் மாமியார் பெயரை வைத்திருக்கிறாள். அது மாமியாரா?

வருகிறேன். உனக்காக இல்லை, கவுண்டரில் அந்தப் பெட்டியை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க. உன் அக்காள் வீட்டுக்குள் வர மாட்டேன். கேட்டிலேயே நிற்கிறேன், நீ வெளியே வா.

பஞ்சாலை


ரந்தாவ் தோட்டம்
21 அக்டோபர் 2024

ரதிக்கு,

அன்றைக்கு உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. உன் அக்காள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தாள். இப்போது கேட்கிறேன்.

நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன், எங்கே எனக்குப் புரியவில்லை என்று நீ சொல். சுகுமாறன் என்னை இறக்கிவிட்டுப் போனான். பெட்டியைத் துண்டில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தேன். மணியை அழுத்தக் கையைத் தூக்கினேன், மனம் வரவில்லை. ஒன்றும் வேண்டாம், திரும்பிப் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். இரண்டு எட்டுகூட வைத்துவிட்டேன். அப்போது இடுப்பில் சொருகியிருந்த பைக்குள் போன் துடித்தது. விடாமல் துடித்தது. பெட்டி செத்த நாளிலிருந்து வராததெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வருகிறது, கோயில் மெசேஜ், தாயம்மா மகள் அனுப்பிய பூப்படம், எல்லாம்.

எடுத்துப் பார்த்தேன். அந்த ஐந்து எழுத்து. கோடு முழுசாக.

நான் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. அது என் பையில் செத்துக் கிடக்கிறது, ரந்தாவ் எங்கேயோ இருக்கிறது, என் போனை யாரும் தொடவில்லை. நான் அந்த வீட்டுக்கு முன்னே பின்னே வந்ததும் இல்லை. அவன் எப்படி உன் அக்காள் வாசலில் என்னைப் பிடிக்கிறான்? அங்கேயே சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். நீ வந்து பார்த்தபோது வெயிலில் தலை சுற்றிவிட்டது என்றேனே, அது பொய்.

கவுண்டரில் பழைய பெட்டியைக் கேட்டார்கள். துண்டை அவிழ்த்து, திருநீற்றைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏன் கொடுத்தேன் என்று நீயும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியாது. அவன் அதில் இல்லை என்று மட்டும் தெரிந்தது. எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

உனக்குக் கொடுக்க நீலக் கட்டச் சட்டையைக் கொண்டுவந்திருந்தேன். பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். கொடுக்க மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். மறதிதான், வேறு நினைக்காதே.

பஞ்சாலை


அம்பாங்கான்
24 அக்டோபர் 2024

அத்தைக்கு,

எழுத வரவில்லை என்றேனே, அது இதுதான்.

இங்கே வந்த முதல் வாரம் கிஷாவின் டேப்லெட்டில் கார்ட்டூன் ஓடவில்லை. அதில் எப்போதும் மேலே அவர் பெயரைப் பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம். "அப்பா ஏன் வரமாட்றாங்க?" என்று கேட்டாள். டேப்லெட்டைப் பற்றித்தான் கேட்டாள், எனக்குத்தான் வேறு மாதிரி விழுந்தது. மோகனா வேலைக்குப் போனதும் இந்த வீட்டுப் பெட்டிக்குப் பெயரை மாற்றிவிட்டேன். தேவன். பாஸ்வேர்டும் அதே. அவள் டேப்லெட் உடனே பிடித்துக்கொண்டது. என் போனும். மோகனாவும் அவள் புருஷனும் என்னைத் திட்டிவிட்டு அவரவர் போனில் பாஸ்வேர்டைப் புதிதாக அடித்துக்கொண்டார்கள்.

உங்கள் போனுக்கு ரந்தாவ் தெரியாது, அம்பாங்கான் தெரியாது. அதற்குப் பெயரும் பாஸ்வேர்டும்தான் தெரியும். இரண்டும் பொருந்தினால் வீடு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாய் என்று நீங்கள் எழுதினீர்கள். பெயரையும் எடுத்து வந்துவிட்டேன் என்று எப்படி எழுதுவேன்? ஆனால் அத்தை, எடுத்ததால் உங்களிடம் அது குறையவில்லை. இரண்டு வீட்டிலும் முழுசாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை புதுப் பெட்டி மாட்ட ஆள் வருவார். பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்பார். அடியில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கிழித்து அவரிடம் காட்டுங்கள். எழுத்து மாறக் கூடாது.

பாஸ்வேர்டு என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் சொன்னது பொய்யில்லை. நீங்கள் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து லயத்துக்கே கேட்கிற மாதிரி தினமும் கத்தியதுதான். "சோத்துக்கு வாடா." அதைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து எழுதி வைத்திருந்தார். தாயம்மா அக்கா அத்தனை வருஷமும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

ரதி


ரந்தாவ் தோட்டம்
27 அக்டோபர் 2024

ரதிக்கு,

நேற்று ஆள் வந்தார். மலாய்க்காரர், நல்ல மாதிரி. உன் பேப்பரைக் கொடுத்தேன். பெயரை அடித்துவிட்டு, அடுத்ததைப் பார்த்து இது என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன். என்ன அர்த்தம் என்றார். "மாரி மாக்கான்" என்றேன். எங்கம்மாவும் இதையேதான் கத்துவாங்க என்று சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். என் முகம் எப்படி இருந்ததோ.

பெட்டி என் பெயரில் இருக்கிறதாம். ஆனால் தேவன் என்றுதான் வருகிறது. இதில் யார் பெயர் யாருக்கு என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அது எந்த மாதிரி வெளிச்சம், ஏன் எனக்குத் தெரியவில்லை, இரும்பிடம் மட்டும் ஏன் தோற்கிறது, எதுவும் எனக்கு விளங்கவில்லை. நீ விளக்கி எழுத வேண்டாம், எழுதினாலும் விளங்காது. ரோடு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். படி ஏறும்போது பிடித்துக்கொண்டது.

தாயம்மாவிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன். இனி மறைத்து என்ன. "அடிப்பாவி மகனே, இதத்தானா" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மகள் இப்போது வேலி ஓரத்திலிருந்து நம் வாசல் பெஞ்சுக்கே வந்துவிட்டாள். இருக்கட்டும், வேகம்தானே குறையும்.

வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

அன்றைக்கு வாசலில் சொன்ன வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதினேன். ஞாபகம் இருக்கிறது. அதைப் பேப்பரில் வைத்துச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. வியாழக்கிழமை உனக்கு லீவுதானே. அவனுக்குப் பிடித்த நண்டை ஆக்குகிறேன். சட்டை இங்கே இருக்கிறது, நீயே வந்து எடுத்துக்கொள். உன் போன் படி ஏறும்போதே பிடித்துக்கொள்ளும், என்னைக் கேட்க வேண்டியதில்லை. நானும் ஜன்னலில்தான் நிற்பேன்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சோத்துக்கு வா.

அத்தை